ஒரு சாண் கீழே

சனிக்கிழமைதோறும் கொக்கிரகுளம் அறிவியல் மையத்தில்
என் கழுத்தில் ஓர் அட்டை தொங்கும்:
சு. பேச்சித்தாய், பிளஸ் டூ, மாணவ விளக்குநர்.
நாலு நாள் பயிற்சி கொடுத்தார்கள்.
மதியம் ஒரு பொட்டலம் தயிர்ச்சாதம்.
சுத்தமல்லி பஸ் எப்படியும் இலவசம்.

புல்வெளியில் எதிரெதிரே இரண்டு உலோகக் கிண்ணங்கள்,
ஆள் உயரம்,
இடையில் முப்பது எட்டு.
கிழக்குக் கிண்ணம் என் பொறுப்பு.
மேற்கே மேலப்பாளையம் செய்யதலி.
இங்கே முணுமுணுத்தால் அங்கே காதுக்குள் கேட்கும்.
வருகிறவர்கள் முதலில் சொல்வது, ஹலோ.
அடுத்தது, ஏல கேக்கா?
மூன்றாவதை எழுத முடியாது.
செய்யதலி அதற்கும் நன்றி சொல்வான்.

என்னிடம் இருப்பவை மூன்றே வாக்கியங்கள்.
ஒலி அலைகள் பரவளையத்தில் பட்டுத் திரும்புகின்றன.
திரும்பியவை குவியத்தில் கூடுகின்றன.
இந்த வளையத்துக்குள் காதை வையுங்கள்.
ஒய் ஸ்கொயர் ஈக்குவல் டு ஃபோர் ஏ எக்ஸ் என்று
ஐந்து மார்க்குக்கு எத்தனை தடவை வரைந்திருப்பேன்!
அது ஒரு காது என்று
கணக்கு நோட்டில் எங்கேயும் இல்லை.

புரட்டாசியில் பெயிண்டைச் சுரண்டிப் போட்டார்கள்.
புது வெள்ளை அடிக்க ஆள் வரவில்லை.
என் கிண்ணம் வெறும் தகரமாய்ப்
பளபளவென்று நின்றது,
மேற்கைப் பார்த்தபடி.

அன்றைக்கு ஐந்து மணிக்குக் கடைசி வேன்.
பாளையங்கோட்டை,
காது கேளாதோர் பள்ளி, எட்டாம் வகுப்பு,
பதினாலு பேர், கூட ஜெபக்கனி டீச்சர்.

வாயைத் திறந்தேன்.
முதல் வாக்கியத்தின் முதல் சொல்லே ஒலி.
மூடிக்கொண்டேன்.
முப்பது எட்டுக்கு அப்பாலிருந்து செய்யதலி
என்ன செய்ய என்று கையை விரித்தான்.
டீச்சர் சிரித்தார். பரவாயில்லம்மா,
பாத்துட்டு டைனோசர் பக்கம் போயிருதோம்.

புருவத்தில் தழும்பு உள்ள ஒரு பிள்ளை மட்டும் போகவில்லை.
டீச்சர் அவளைக் கூப்பிட்டது பெயரால் அல்ல,
தன் புருவத்தில் விரலால் இழுத்த ஒரு கோட்டால்.
அவள் அதையும் பார்க்கவில்லை.
வளையத்துக்குள் கையை விட்டாள். ஒன்றுமில்லை.
இடது பக்கம் நகர்த்தினாள். ஒன்றுமில்லை.
கீழே இறக்கினாள்,
வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

பிறகு என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து
என் கையைக் கொண்டுபோய் அதே இடத்தில் வைத்தாள்.

சுட்டது.
காற்றில், ஒன்றுமே இல்லாத இடத்தில்,
இட்லிக்கொப்பரை மூடியைத் தொட்ட மாதிரி.

ஆறு மாதமாக அந்தக் கிண்ணத்தடியில் நிற்கிறேன்.

வரிசை கட்டிவிட்டார்கள்.
ஒருவன் கடலைப் பொட்டலத் தாளை நீட்டிப் பார்த்தான்.
பற்றவில்லை, ஓரம் சுருண்டது.
செய்யதலி தன் கிண்ணத்தை அநாதையாக விட்டுவிட்டு
ஓடி வந்து கையை நீட்டினான்.

அவள் அதற்குள் அடுத்ததற்குப் போயிருந்தாள்.
வளையத்தைக் காட்டினாள்.
சுட்ட இடத்தைக் காட்டினாள்.
இடையில் சாண் வைத்து அளந்து
என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.
டீச்சர் மொழிபெயர்க்க வாயெடுத்தார்.
வேண்டாம், புரிந்துவிட்டது.
தெரியாது என்பதற்கு என்ன சைகை என்று
டீச்சரிடம் கேட்டு, அதைச் செய்தேன்.
கிளாஸில் அதைச் சொன்னால் நிற்க வேண்டும்.
இவள் தலையை ஆட்டிவிட்டு
மறுபடி கிண்ணத்தைப் பார்த்தாள்.

வேன் ஹாரன் அடித்தது. நாங்கள்தான் திரும்பினோம்.

மணலில் குச்சியால் வரைந்து வரைந்து
இருட்டும் நேரத்தில்தான் பிடிபட்டது.
செய்யதலி எதிரே நேராக நின்று பேசுகிறான்.
சூரியன் மேலேயிருந்து சாய்ந்து பேசுகிறது.
மேலேயிருந்து வருவது கீழே கூடும்.
அவ்வளவுதான்.
சொல்ல ஆள் இல்லை.
பதிவேட்டில், பார்வையாளர் கேள்விகள் என்ற கட்டத்தில்
ஒரு சாண் கீழே, ஏன்? என்று எழுதி
கேட்டவர் பெயருக்கு
ஒரு சின்னக் கோடு போட்டேன்.

அடுத்த வாரம் வெள்ளை அடித்துவிட்டார்கள்.
இப்போது அங்கே சுடுவதில்லை.
ஹலோ கேட்கிறது, ஏல கேக்கா கேட்கிறது.
மூன்று வாக்கியத்தையும் ஒழுங்காகச் சொல்கிறேன்.
இந்த வளையத்துக்குள் என்னும்போது மட்டும்
கை தவறிக்
கீழே போகிறது.