இடப்பக்கத்து ஆள்

மேல்விஷாரத்துக்கு ஒஹாயோவிலிருந்து ஆர்டர்:
கிளட்ச் கூம்பின்மேல் சுற்ற
ஐந்து மில்லி கனத்தில் எருமைத்தோல்,
பானட்டை இழுத்துக் கட்ட இரண்டு வார்,
சீட்டுக்கு உறை.

ஒன்றே ஒன்று.

நூறு வருசத்துக்கு முந்திய பந்தயக் காரைப் போலவே
அங்கே ஒருத்தர் புதிதாய்க் கட்டுகிறாராம்.
வரைபடத்தை விரித்தான் முனவ்வர்.
கதவில்லை. கூரையில்லை.
முன்னால் ஆறு சிலிண்டர் நீட்டிப் படுத்திருக்க
பின்னால் முள்ளங்கி வாலாய்க் கூம்பிய உடம்பு,
காற்றுக்குப் பிடித்திழுக்க இடம் வைக்காமல்.

நான் பார்த்தது இடப்பக்கம்.
அங்கே புள்ளிக்கோட்டில் இன்னொரு சீட்,
மேலே பெருக்கல் குறி.

இங்க யாரு உக்காந்தது?

கூடவந்த தாளைப் படித்துச் சொன்னான்:
அந்தக் காலத்து ரேஸில்
ஓட்டுகிறவனோடு மெக்கானிக் ஒருவன் ஏறுவான்.
கையால் பம்ப் அடித்து எண்ணெய் ஏற்றுவான்.
டயர் உரிகிறதா என்று குனிவான்.
எவன் வருகிறான், எந்தப் பக்கம் வருகிறான்
என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பான்.
எஞ்சின் இரைச்சலில் பேச்சு ஏது,
தோளில் ஒரு தட்டு, முழங்காலில் இரண்டு.

"க்ளீனர்" என்றேன்.

பதினோரு வருசம் நான் அதுதான்.
வாலாஜா டோல்கேட், பள்ளிகொண்டா டோல்கேட்,
பச்சையப்பண்ணன் லாரியில்
தலை வெளியே, கை வெளியே.
பின்டயரில் கல் சிக்கினால்
சத்தத்திலேயே சொல்வேன் எந்த டயர் என்று.
அன்றைக்கு அங்கேயும் ஸ்டீரிங் வலப்பக்கம்தானாம்.
அப்படியானால் அவனும் நானும்
ஒரே பக்கம் வெயில் தின்றவர்கள்.

பத்தொன்பது பதினொன்றில்
ஒரு காரிலிருந்து அவனை இறக்கிவிட்டார்கள்.
எடை குறையும், உடம்பு ஒடுங்கும்.
பின்னால் பார்க்க ஆளில்லாதவன்
எங்கள்மேல் ஏற்றிவிடுவான் என்று
மற்றவர்கள் சண்டைக்கு வர,
நாலு கம்பி நட்டு ஒரு கண்ணாடி வைத்தார்கள்.
செங்கல் பாவிய பாதை.
ஐந்நூறு மைலும் உதறிய கண்ணாடியில்
ஒரு மண்ணும் தெரியவில்லையாம்.

ஜெயித்தது அந்தக் கார்தான்.

என் ஓனர் காமிரா மாட்டிய அன்று
பேட்டா மிச்சம் என்றார்.
அவருக்கும் நஷ்டம் ஒன்றும் வரவில்லை.

முதல் தோல் பாழ்.
நேராக வெட்டினால் கூம்பில் உட்காராது,
விசிறி ஓரம் மாதிரி வளைத்து வெட்டணும்.
இரண்டாவதை மாட்டுக் குளம்பெண்ணெயில்
இரண்டு ராத்திரி ஊறப்போட்டேன்.
சீட் வெட்டியது போக
இன்னொரு சீட்டுக்கான தோல் மேசையில் கிடந்தது.
சுருட்டி ரேக்கில் வைத்தேன்.
காசு கட்டாத சீட்டுக்கு யார் தைப்பது.

சாயங்காலம் பெட்டியை ஏற்ற வந்த வண்டி
கேட்டருகே சாக்கடையை ஒட்டி ரிவர்ஸ் எடுத்தது.
டிரைவர் மட்டும்தான்.
காமிராமேல் விரற்கடை தூசி.
என் கை தானாகப் போய்
பலகையைத் தட்டியது:

வா... வா... லெஃப்ட்ல ஒடி...
வா... வா...
ஓல்டான்.

யாருய்யா அது என்று
தலையை நீட்டினான் டிரைவர்.