ஐந்து மணிக்கு வந்தவர்

மாதத்தின் மூன்றாம் ஞாயிறு பீல் நகரில் எங்கள் பூசை.
இரவல் கோயில்.
இத்தாலியர்கள் வெளியேறிய பின் நாங்கள் நுழைவோம்,
அவர்கள் அணைத்த மெழுகுதிரியின் வாசம்
எங்களுக்கும் கொஞ்சம் மிச்சமிருக்கும்.

முதல் வாசகம் என் முறை.
கடவுள் நினைப்பது வேறு, நாம் நினைப்பது வேறு
என்று வருகிற பகுதி.
குரலை நிறுத்தி, றகரம் பிசகாமல் வாசித்தேன்.
முன்வரிசையில் திரேசம்மா அக்கா
நல்லாயிருந்தது என்று கண்ணால் சொன்னார்.

பிறகு ஃபாதர் நற்செய்தி வாசித்தார்.
திராட்சைத் தோட்டம்.
விடியலில் வந்தவனுக்கு எவ்வளவு கூலியோ
மாலை ஐந்துக்கு வந்தவனுக்கும் அவ்வளவு.
எனக்குக் காது சூடேறியது.
இந்தக் கதையில் நான் எப்போதும்
விடியலில் வந்தவர்களின் கட்சி.

காரணம், வெள்ளிக்கிழமை வந்த சம்பளச் சீட்டு.
முதியோர் இல்லத்தின் சலவையறை, நிலத்துக்குக் கீழே,
பத்தொன்பது வருடம்.
ஈர விரிப்பின் பாரம் என் இடது தோளுக்கு மனப்பாடம்.
ஸெனாயித் எரித்திரியாவிலிருந்து வந்தவள்,
சலவையறைக்கு வந்து மூன்று மாதம்.
புதிய ஒப்பந்தமாம்,
கடைநிலைச் சம்பளத்தை உயர்த்திவிட்டார்களாம்.
அது ஏறி வந்து என் சம்பளத்தின் பக்கத்தில் நின்றது,
பஸ்ஸில் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்பவளைப் போல.

மேலாளர் ஸ்பிண்டன் அம்மாவிடம் கேட்டேன்.
"உங்களுடையது குறையவில்லையே" என்றார்.
தோட்டத்து முதலாளியும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறார்.
இரண்டு பேரையும் எனக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை நான் செய்தது இது:
தலையணை உறைகள் இருந்த வண்டியை என் பக்கம் இழுத்தேன்.
ஓரத்தில் இலாஸ்டிக் வைத்த பெரிய விரிப்புகளை
அவள் பக்கம் தள்ளினேன்.
அவள் நன்றி சொன்னாள்.

ஃபாதர் பிரசங்கம் தொடங்கினார்.
நான் கேட்கவில்லை.
பக்கத்தில் செபநேசன் மெல்லச் செருமினார்.
மனுசன் எதையாவது விழுங்கும்போது
அப்படித்தான் செருமுவார்.

கைக்கடிகாரத்துக்கு மூடி செய்கிற தொழிற்சாலை
பூட்டப்பட்டபோது அவருக்கு ஐம்பத்திரண்டு.
இரண்டு பனிக்காலம்
வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இலக்கத் துண்டோடு இருந்தார்.
மற்ற நாட்களில் காலை ஏழுக்கே
இஸ்திரி போட்ட சேர்ட்டோடு இறங்கிப்போய்
ஸ்டேஷனில் நிற்பார்.
நொயன்பூர்க் போகும் ரயில், பெர்ன் போகும் ரயில்,
எல்லாவற்றையும் ஏற்றி அனுப்பிவிட்டு
மதியம் வீட்டுக்கு வருவார்.
ஒருநாள் நான் வெடித்தேன்:
ஏன் நாள் முழுக்கச் சும்மா நிற்கிறீர்கள்?
"ஒருத்தரும் கூப்பிடேல்லை" என்றார்.

அந்த வசனம் நற்செய்தியிலும் இருக்கிறது.
எத்தனை வருடம் கேட்டிருப்பேன்,
கூலி கொடுக்கிற இடத்துக்கு ஓடுகிற அவசரத்தில்
அதைத் தாண்டித் தாண்டியே போயிருக்கிறேன்.

பிறகு பஸ் கழுவும் வேலை கிடைத்தது, இரவில்.
முதல் மாதமே முழுச் சம்பளம்.
நான் கேக் வாங்கினேன்.
அந்தப் பணிமனையில் இருபது வருடம் கழுவியவன் எவனோ
தன் சீட்டையும் அவருடைய சீட்டையும் பார்த்துக்
காது சூடானானோ, தெரியாது.
நான் விசாரிக்கவில்லை.

திங்கட்கிழமை
ஏரிக்கரைச் சரிவில் திராட்சை அறுப்பு.
ரயிலில் இருந்த பையன்களின் விரலெல்லாம் ஊதா.
நான் வண்டிகளை நடுவில் விட்டேன்.
இலாஸ்டிக் விரிப்பின் ஒரு மூலைக்குள்
இன்னொரு மூலையைச் செருகினால்
முழுதும் சதுரமாய் அடங்கும் வித்தையை
ஸெனாயித்துக்குக் காட்டினேன்.
மூன்றாம் முறை சரியாக மடித்தாள்.
நான்காவதில் என்னைவிட வேகம்.
அது எனக்குக் கொஞ்சம் பிடிக்கவில்லை.

வியாழன் தொழிற்சங்கக் கூட்டம்.
பத்தொன்பது வருடத்துக்கு என்ன விலை என்று கேட்பேன்.
அவளுடையதில் கை வைக்காமல் கேட்க
ஜெர்மன் மொழியில் எப்படிச் சொல்வது என்று
மகனிடம் எழுதி வாங்கியிருக்கிறேன்.

ஃபாதரிடம் இதையெல்லாம் சொல்லப் போவதில்லை.
அடுத்த மாதப் பிரசங்கத்தில் சேர்த்துவிடுவார்.