ஏலப் பட்டியல்

எழுதத் தெரிந்தவன் என்பதால்
பட்டியல் என் தலையில் விழுந்தது.
சமையல்கட்டில் மாவு சிந்திய பலகைமேல்
தாளை விரித்தேன்:
'அல்வில்டே', அரெண்டால் துறைக் கப்பல்.
கார்டிஃப் நிலக்கரி ஏற்றி வால்பரைசோ போகிறது.
இறந்தவன், தாரால் டெல்லெஃப்சன்.
வயது தெரியவில்லை.
முப்பது என்று போடு, என்றார் மேட்.

அவன் விழுந்தது ஐம்பத்தேழாம் பாகையில்,
இரவில், பெருமரத்தின் மேற்பருமலில்.
பனி ஏறிய பாய் பலகையாய் விறைத்திருந்தது.
நகம் பெயர்ந்த விரல்களால்
நால்வர் அதை அடித்து மடக்கிக்கொண்டிருந்தார்கள்.
பிறகு மூவர்.
அந்தக் காற்றில் கப்பலைத் திருப்பினால் மரம் முறியும்.
சுக்கான் பிடித்தவனுக்கும் அது தெரியும்,
ஆனாலும் ஒருமுறை கேப்டன் முகத்தைப் பார்த்தான்.
விடிந்ததும் நான் பழக்கதோஷத்தில்
பட்டாணிக் கஞ்சியைப் பதினான்கு தட்டில் ஊற்றினேன்.
மிஞ்சியதை யாரும் கேட்கவில்லை,
பசி இல்லாமல் அல்ல.

ஹார்ன் முனை தாண்டி, வடக்கே ஏறி,
ஈரத்துணி காயுமளவு வெயில் வந்த முதல் ஞாயிறு
அவன் பெட்டியை மரத்தடியில் கொண்டுவந்து வைத்தார்கள்.
செத்தவன் உடைமையைக் கூட வந்தவர்கள் ஏலம் எடுப்பது வழக்கம்.
காசு சம்பளத்தில் பிடித்தம் ஆகி
அவன் வீட்டுக்குப் போகும்.

எண்ணெய்ச் சட்டை இரண்டு தாலருக்குப் போனது.
புதிதாய் வாங்கினாலே ஒன்றரைதான்.
இடது கால் ஒழுகும் பூட்ஸைத்
தச்சன் எர்மண்ட் எடுத்தான்.
அவன் பாதம் அதற்குள் பாதிகூட நுழையாது.
பின்னி முடிக்காத ஒற்றைக் காலுறைக்கு, ஊசியோடு,
மூன்று பேர் போட்டி.
அரை விரல் புகையிலைக்காகப் போன மாதம்
சட்டையைப் பிடித்துக்கொண்டவர்கள் இவர்கள்.

பெட்டி காலியாகிவிட்டது என்றுதான் நினைத்தோம்.
அடித்துணியைத் தூக்கி மேட் ஒரு கத்தியை எடுத்தார்.
கொம்புப் பிடி. முனை ஒடிந்தது;
துறை விட்ட அன்றே எல்லார் கத்தி முனையையும்
ஒடித்தவர் அவரே.
ஆளுக்கு ஒரு கத்தி, அது இடுப்பை விட்டு இறங்காது.
தாராலின் கத்தி தாராலோடு போயிற்று.

நடுக்கோட்டருகே காற்றில்லாமல் கிடந்த வாரம்
ஓஸ்முண்டின் கத்தி காணாமல் போனது.
அறைப் பையன் நில்ஸ் மீது சந்தேகம்,
உதடு கிழிய ஓர் அறை.
பையன் இல்லை இல்லை என்று அழுதபோது
ஓஸ்முண்ட் எல்லார் காதிலும் விழச் சொன்னான்:
எடுத்தவனைக் கடல் கொண்டு போகட்டும்.

இப்போது யாரும் இருமக்கூட இல்லை.
பம்பருகே நின்ற ஓஸ்முண்ட்
"ஒரு தாலர்" என்றான், தன் கத்திக்கு.
"இரண்டு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.
நில்ஸ். முன்பணம் முழுதும் தின்று தீர்த்தவன்,
கையில் செப்புக்காசு இல்லாதவன்.
"இரண்டரை."
"மூன்று" என்றான் பையன், உதட்டுத் தழும்பைத் தடவியபடி.
மேட் தாளைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்,
பையனைத் தடுக்கவில்லை.
"நான்கு" என்றான் ஓஸ்முண்ட்.
நில்ஸ் சற்று யோசித்தான்.
போதும் என்பதுபோல் தலையாட்டி
கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டான்.

கத்தி, ஒன்று. நான்கு தாலர்.
யாருடையது என்று எழுத அந்தத் தாளில் கட்டம் இல்லை.
க்ரிம்ஸ்டாடில் குன்வோர் என்ற பெண்
கூட்டுத்தொகையைப் படித்துவிட்டு
புருஷனிடம் நல்ல கத்தி இருந்தது போலும் என்று எண்ணக்கூடும்.
எண்ணட்டும்.

எடுத்தவர்கள் வரிசையாய் வந்து கையெழுத்திட்டார்கள்.
ஓஸ்முண்டுக்கு எழுதத் தெரியாது.
நிற்கும் கோடு ஒன்று,
அதன் தோளில் சாய்ந்த கோடு இரண்டு,
அவன் வீட்டுக் குறி.
மை காயக் காத்திருந்த நேரத்தில்
அவன் கைக்குள்ளிருந்த பிடியைப் பார்த்தேன்.
அந்தக் குறியை யாரோ சுரண்டி அழிக்கப் பார்த்து
பாதியில் விட்டிருந்தார்கள்.