பகுதியில் மூலம்

கோபாலபுரம் எடைமேடை. இரவு பதினொன்று இருபது.
தத்தமங்கலம் போகும் தேங்காய் லாரி மேலே ஏறுகிறது.
பதினாறாயிரத்து நானூற்று ஐந்து.
ஐந்து கிலோவுக்குக் கீழே இந்த மேடைக்கு எதுவும் தெரியாது.
மூட்டையோடு மூட்டையாகத் தூங்கும் கிளீனரையும்
தேங்காய்க் கணக்கில்தான் சேர்க்கும்.

சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு
பழைய சீட்டு ஒன்றின் முதுகில் எழுதுகிறேன்:
ரூட் ஐம்பதை ரூட் இரண்டால் வகு.
தனித்தனியே பார்த்தால் இரண்டும்
புள்ளிக்குப் பின்னால் நிற்காமல் ஓடுகிறவை.
ஒரே கூரைக்குள் தள்ளினால் இருபத்தைந்து.
வெளியே வந்தால் ஐந்து.
சுத்தமான ஐந்து. மேடைக்கே பிடிக்கும்.

அடுத்தது, ஆறின் கீழே ரூட் மூன்று.
குரூப் ஃபோர் கையேடு கண்டிப்பாகச் சொல்கிறது:
பகுதியில் மூலம் இருக்கக் கூடாது.

சிரித்துவிட்டேன்.
இதையேதான் தரகர் நாச்சிமுத்துவும் சொன்னார்,
ஜாதகத்தை நாலாக மடித்துக்கொண்டே.
பெண் மூலம் நிர்மூலம்னு இருக்குதே கண்ணு,
மாமனார் இல்லாத வீடாப் பாக்கலாம்.
ஒன்பது வருசமாகப் பார்க்கிறார்.
எங்கள் பக்கத்து மாமனார்கள் எல்லாரும்
கல்லுக்குண்டாட்டம் இருக்கிறார்கள்.

கையேடு அழிக்கச் சொல்லவில்லை.
மேலே ஒரு ரூட் மூன்று, கீழே ஒரு ரூட் மூன்று,
பெருக்கு என்கிறது.
ஒன்றால் பெருக்கினால் யாருக்கு என்ன குறையும்?
கீழே வெறும் மூன்று.
ஆறில் மூன்று இரண்டு முறை போகிறது.
மிச்சம்: இரண்டு ரூட் மூன்று.

மூலம் எங்கேயும் போகவில்லை.
கீழே கிடந்தது
மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது.
எடை அதே எடை.

கடைசிக் கணக்கில்
ரூட் ஐந்திலிருந்து ரூட் மூன்று கழிந்து கீழே நிற்கிறது.
அதற்கு ஓர் இணை தேட வேண்டுமாம்:
அதே இரண்டு எண்கள், நடுவில் மட்டும் குறி மாறி.
பாதியில் ஹாரன்.

மீனாட்சிபுரம் பக்கமிருந்து பவித்ரனின் காலி வண்டி.
வண்டி எடையைக் கழித்து எழுதும்போது
தாளைத் தலைகீழாகப் படித்துவிட்டுக் கேட்கிறான்,
எந்தா சேச்சி, வீட்டுக் கணக்கா?
இல்லை, மூலம் என்கிறேன்.

அடடா, என்று முகம் சுருங்கி,
உட்கார்ந்தே இருக்கிற வேலையல்லே,
துத்தி இலையை நெய்யில் வாட்டித் தின்னா மதி,
என்கிறான்.