கடைசி நிறுத்தம்

டெட்ராய்ட்டில் என் பஸ்
எல்லைப் பலகையோடு நின்றுவிடும்.
அப்பால் வேறு ஊர்;
பஸ்ஸே வேண்டாமென்று வாக்களித்த ஊர்.

காலை நாலே முக்காலுக்கு
எர்னஸ்டீன் இறங்குவாள்,
ஷூவின் மேல் ரொட்டிக் கவரைச் சுற்றிக்கொண்டு.
நடைபாதை கிடையாது. பனி முழங்கால் வரை.
இரண்டு மைல் தள்ளிக் கிடங்கு விளக்குகள்
அங்கே மட்டும் விடிந்துவிட்டதுபோல் எரியும்.
போன வாரம் ஒரு போலீஸ் கார்
பக்கத்திலேயே ஊர்ந்து வந்ததாம்,
வேலை அட்டையைக் காட்டும் வரை.

"அங்கேயே வீடு பார்க்கலாமே" என்று
ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன்.
"எங்கப்பா பார்த்தார். நானும் பார்த்தேன்.
போனில் காலியாக இருக்கும் வீடு
நேரில் போனால் நிரம்பிவிடும்."

கதவைச் சாத்தி வண்டியைத் திருப்புகிறேன்.
வளைவு போதாது;
முன்சக்கரம் அந்த ஊருக்குள்
ஏறி இறங்கித்தான் ஆகவேண்டும்.

காலி பஸ்ஸை
யாரும் எதுவும் கேட்பதில்லை.