வடக்குச் சுவர்

கொத்தனார் கசானுக்குப் போய்விட்டார்.
முன்பணத்தில் பாதியை மைத்துனனிடம் கொடுத்தனுப்பினார்,
நேர்மையானவர்தான்.
அங்கே நாலு மடங்கு கூலியாம்.
எங்களிடம் மிஞ்சியது
முழங்கால் உயர அஸ்திவாரம்,
பச்சைக் கல் அறுக்க ஒரு மர அச்சு,
பாதி ஜூன்.
கொச்கோரில் அக்டோபருக்கே பனி இறங்கிவிடும்.

அஷார் என்று சொல்லியனுப்பினோம்.
வீடு கட்டுகிறவர் கூப்பிட்டால் வந்துதான் ஆகவேண்டும்.
கூலி கிடையாது, கறி உண்டு.
வந்தார்கள்:
பூகோள வாத்தியார் எசென்கான்,
தபால் நிலையத்து ரக்கியா,
பிஷ்கெக்கில் முடிவெட்டும் என் நாத்தனார் சல்கின், நகப்பூச்சோடு,
மல்யுத்தம் பழகும் இரண்டு பையன்கள்,
யாருக்கு என்ன உறவென்று கடைசிவரை தெரியாத ஒரு ஆள்.
சுவர் வைத்தவர் ஒருவருமில்லை.
சுவரைப் பற்றிக் கருத்து இல்லாதவரும்
ஒருவருமில்லை.

மண்ணில் வைக்கோல் கொட்டி
மிதிக்கக் குதிரையை இறக்கினோம்.
குதிரை வைக்கோலைத் தின்றது.
பையன்களை இறக்கினோம்.
மிதிக்கச் சொன்னால் கட்டிப் புரண்டார்கள்.
அன்று குழைந்ததுபோல் ஒரு சேறு
அப்புறம் எங்களுக்கு அமையவே இல்லை.
வடக்கு எது என்று
வாத்தியார் இருபது நிமிடம் விளக்கினார்.
அஸ்திவாரத்துக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

கல் காய ஒரு மாதம். இரண்டு ஆடு.
திரும்பவும் அதே ஆட்கள்.

ரசமட்டத்தைச் சல்கினிடம் கொடுத்தோம்.
கத்தரி பிடித்த கை, கண் கூர்மை என்றார்கள்.
ஒவ்வொரு வரிசைக்கும் குனிந்து
"குமிழி நடுவில்!" என்று கூவுவாள்.
பையன்கள் அடுத்த கல்லைத் தூக்குவார்கள்.
நாள் முழுக்க அந்தக் குரல்.
அடுப்படியில் மாவு பொரித்துக்கொண்டே
நானும் உள்ளூர எண்ணினேன்,
நடுவில், நடுவில், நடுவில்.

நாலாம் நாள் மாலை
டீசல் போடப் போன என் கணவர் தோல்கொன்
வண்டியைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டார்.
தலையைச் சாய்த்துப் பார்த்தார்.
பிறகு தலையை நிமிர்த்திக்கொண்டார்.
சுவர் நிமிரவில்லை.

ரசமட்டத்தை வாங்கிப் பார்த்தார்: நடுவில்.
கவிழ்த்தார்: நடுவில்.
மடேரென்று தொடையில் தட்டினார்.
கண்ணாடிக்குள் அந்தக் குமிழி
பிறந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

சல்கின் அழுதாள்.
யாரும் திட்டவில்லை, அதனால் இன்னும் அழுதாள்.
முதல் கல்லைத் தானே பிடுங்கிப் போட்டாள்.
பிரிப்பதில் மட்டும் எல்லோருக்கும் அனுபவம் இருந்தது.
இருட்டுவதற்குள் முடிந்தது.

அதைச் சந்தையில் வாங்கியவள் நான்.
நூற்றெண்பது சோம்.
"ஆட்டிப் பார்த்து வாங்கு" என்றிருந்தார்,
வெயிலில் நின்று ஆட்டிப் பார்க்க வெட்கமாயிருந்தது.
ரசீதை அன்றிரவு அடுப்பில் போட்டேன்.
ஒரு தாள் எவ்வளவு நேரம் எரியும்?
அது நெடுநேரம் எரிந்தது.

மறுநாள் ரக்கியா
பார்சல் கட்டும் சணல் நூலில்
தபால் தராசின் இருநூறு கிராம் எடைக்கல்லைக் கட்டிக்கொண்டு வந்தாள்.
"திங்கள்கிழமை திரும்ப வேண்டும்" என்றாள்.
எடைக்கல் நின்ற இடம் நேர்.
எட்டு நாளில் வடக்குச் சுவர் எழுந்தது.
ஜன்னல் மட்டும் ஒரு சாண் இடப்பக்கம் தள்ளிப்போனது.
அந்த உறவு தெரியாத ஆள் வைத்தது,
கேட்க ஆளில்லை.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி நிலம் குலுங்கியது.
போர்வையோடு வெளியே ஓடினோம்.
விடுமுறைக்கு வந்திருந்த சல்கின்
வெறுங்காலோடு பனியில் நின்று
வடக்குச் சுவரையே பார்த்தாள்.
அது நின்றது.
என்ன தோன்றியதோ, சொல்லிவிட்டேன்.
ரசமட்டம், சந்தை, ரசீது எல்லாம்.

நாய்கள் ஓயும்வரை அவள் பேசவில்லை.
பிறகு கேட்டாள்:
"எவ்வளவு கொடுத்தாய்?"
"நூற்றெண்பது."
"ஏமாந்துவிட்டாய், அண்ணி.
நூற்றிருபதுக்கே தருவான்."