சார்ந்தோர் பட்டியல்

திருப்பாலைக்குடியில் ஆறரை பஸ்ஸைப் பிடித்தால்தான்
ராமநாதபுரம் பாலிகிளினிக்கில் முதல் இருபதுக்குள் டோக்கன்.
எங்களுக்குப் பதினேழு.
டிஸ்சார்ஜ் புத்தகமும் பென்ஷன் உத்தரவும் அப்பாவின் மடியில்,
நண்டுக் கம்பெனியிலிருந்து நான் கொண்டுவந்த
கனத்த பிளாஸ்டிக் உறைக்குள்.
கழுவிக் காயப்போட்டதுதான். ஆனாலும்
பக்கத்திலிருந்த சுபேதார் மனைவி
ஃபேனுக்கு நேராக இடம் மாறிக்கொண்டார்.

ஹவில்தார் வழிவிட்டான். பீரங்கிப் படை.
இடது காதை வடக்கே எங்கோ விட்டுவிட்டு வந்தவர்.
அதனால் கவுண்டர் சந்தியாகு
எதையும் உரக்கத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.
"மகளா? கல்யாணம் ஆகாத மகளா?"
"ஆச்சு."
"விதவையா?"
கூடம் முழுக்கத் திரும்பியது.
"இல்ல, இருக்கான். உச்சிப்புளியில இருக்கான்."
"அப்ப டைவர்ஸா?"
அப்பா என்னைப் பார்த்தார்.
எட்டு வருஷமாக வீட்டில் யாரும் வாய்விடாத சொல்
மருந்து வரிசையின் கடைசி ஆள் வரைக்கும் போனது.

சந்தியாகு கெட்டவர் இல்லை.
பேனாவை மூடிவிட்டு என்னிடம் மட்டும், மெதுவாக:
கல்யாணமாகாத மகளுக்கு வயசு வரம்பில்லை.
விதவைக்கு உண்டு. தீர்ப்பு வாங்கியவளுக்கும் உண்டு,
மாச வருமானம் வரம்புக்குள் இருந்தால்.
"சும்மா பிரிஞ்சு இருக்கிறதுக்குக் கட்டம் இல்லம்மா."

தம்பிக்கு இருபத்தைந்து முடிந்ததும் அட்டை நின்றது.
அவன் சிரித்தான்; தலைவலிகூட வராதவன்.
அம்மாவின் கண்ணுக்கு மதுரையில்
காலணா செலவில்லாமல் லென்ஸ் வைத்தார்கள்,
கடிதம் கொடுத்தது இதே கவுண்டர்.
முதல்வர் காப்பீடு இருக்கிறதே என்றால்,
என் பெயர் இன்னும் மாமியார் ரேஷன் கார்டில்
மூன்றாவது வரியில் அரிசி வாங்கிக்கொண்டிருக்கிறது.
கம்பெனியில் ஈ.எஸ்.ஐ. கேட்டேன்.
நண்டு உடைக்க முப்பது பேர்,
ரிஜிஸ்டரில் எட்டுப் பேர்.
சம்பளம் ஏழாயிரத்து நானூறு என்று
வேண்டுமானால் ஒரு தாள் தருகிறேன் என்றார் மேனேஜர்.
வாங்கி வைத்திருக்கிறேன்.

தொண்டையில் இது
சித்திரையில் சுண்டைக்காய். இப்போது நெல்லிக்காய்.

உச்சிப்புளிக்குத் தனியாகத்தான் போனேன்.
நம்புராஜன் ஐஸ் பெட்டி மூடியை முழங்கையால் துடைத்து
வக்கீல் தாளை விரித்து
பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டான்.
நகையைப் பற்றி அவன் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.
கடைசிப் பக்கத்தில் நிறுத்தி
என் கழுத்தைப் பார்த்தான்.
"இதுக்குத்தானா?"
"இதுக்கும்தான்."

பிறகு செருப்பைக் கழற்றிக் கால் விரலைக் காட்டினான்.
சர்க்கரை. கட்டு ஈரமாக இருந்தது.
"ஒங்கப்பா அட்டையில மருமகனச் சேக்க முடியாதா, பூமயிலு?"
கேட்டுவிட்டு அவனே சிரித்தான்.
எனக்கும் சிரிப்பு வந்தது.
கடைப் பையன் எங்களை என்னவென்று நினைத்தானோ,
ரெண்டு டீ கொண்டுவந்து
அந்தத் தாள்களின் மேலேயே வைத்தான்.

மருமகனுக்கும் கட்டம் இல்லை என்றேன்.

ஆறு மாதம் என்கிறார் வக்கீல்,
ஜட்ஜ் மனசு வைத்தால் குறையுமாம்.
அட்டைக்கு வேண்டிய போட்டோவை மட்டும்
அரண்மனைப் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் எடுத்துவிட்டேன்.
முந்தானையைக் கழுத்தோடு சுற்றித்தான் உட்கார்ந்தேன்.
"அத எடுத்துட்டு மொகத்த நிமித்துங்க" என்றான்.
நிமிர்த்தினேன்.
எட்டுப் படம். எட்டிலும் அது இருக்கிறது.

அப்பா ஒவ்வொன்றாகப் பார்த்தார்.
டிஸ்சார்ஜ் புத்தகத்தில் குடும்ப விவரப் பக்கத்தைத் திறந்து
உள்ளே வைத்தார்.
அங்கே என் பெயருக்கு எதிரே
பெயர் தெரியாத ஊரில், ஏதோ ஒரு முகாமில்,
யாரோ ஒரு கிளார்க்
மகள் என்று மட்டும் எழுதியிருக்கிறான்.